முடிக்குச் சாயம் பூசுவது ஏன்? முடிதிருத்தகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூர்ப் பக்கம் முடிதிருத்தகம் நடத்தும் குடும்பம் எங்களுடையது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடியே வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில், திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். உடல்நலம் பற்றிச் சொல்லியிருப்பவை பொதுவான செய்திகள். தோலில் கோளாறு என்றால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மக்கள் ஏன் முடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறார்கள்? அழகுக்காகத்தானே?

அழகுக்காகப் பூசிக்கொள்பவர்கள் உண்டு. எங்கள் கடையில் அவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம், மச்சினன் வீட்டுக் காதுகுத்து, வேலைக்கான நேர்காணல், பள்ளித் தோழர்கள் பல வருடம் கழித்துக் கூடும் நாள் என்று அது எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கு யார் யார் தம்மைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள் என்ற நினைப்புத்தான் அவர்களைக் கடைப்படி ஏற வைக்கிறது. "என்னண்ணே, அதுக்குள்ள இப்படி நரைச்சிருச்சு?" என்று பந்தியில் ஒருவர் கேட்டுவிட்டால், அதற்குச் சிரித்து மழுப்பி, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று விளக்கம் சொல்லி, அந்தப் பேச்சு முடிவதற்குள் சாப்பாடே ஆறிவிடும். அந்தக் கேள்வி எழாமல் இருக்கவே சாயம் பூசுகிறார்கள் என்பது என் கணிப்பு. வீட்டில் மாதக்கணக்கில் நரையைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்கூட, முதல் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் வந்துவிடுகிறார். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் சாய வேலை கூடுவதும், ஆடியிலும் மார்கழியிலும் குறைவதும் இதனால்தான்.

வேலைக்கும் நரைக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு உண்டு, அதை யாரும் எழுத்தில் தருவதில்லை என்பதைத் தவிர. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் ஒருவர் எங்களிடம் பல காலமாக வருகிறார். தீபாவளி விற்பனைக்கு முன்னால், 'முன்வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் தெளிவாக வாருங்கள்' என்று முதலாளி தரப்பில் சொன்னார்களாம். தெளிவு என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நேராக இங்கே வந்தார். அன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேரில் வெள்ளை தெரியும் முன் பூசிக்கொண்டு போகிறார். அவருடைய சம்பளத்தில் அது ஒரு செலவுதான். அதை அவர் ஆசைக்கான செலவாகக் கருதவில்லை, பேருந்துக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தொழில்களும் உண்டு. ஜாதகம் பார்ப்பவர், சித்த வைத்தியர், ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் வார்த்தை பேசும் பெரியவர் ஆகியோருக்கு நரை ஒரு மூலதனம். அவர்கள் தலைக்குச் சாயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

தலை வெள்ளையாக இருக்க, மீசையை மட்டும் கறுப்பாக்கிக்கொள்கிறார்களே?

மதுரை, உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் மீசைக்கு உள்ள மதிப்பு தலைமுடிக்குக் கிடையாது. ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் மண்ணாலோ சுதையாலோ உரு செய்யும்போது, முறுக்கிய மீசை கன்னங்கரேலென்று எழுந்து நிற்கும்படி தீட்டுவார்கள்; வெள்ளை மீசையோடு ஒரு காவல்தெய்வத்தை நான் கண்டதில்லை. தலையை ஒரு துண்டு மறைத்துவிடும். மீசையை மறைக்க வழியில்லை.

ஆனால் ஆபத்தும் அங்கேதான் அதிகம். உதட்டுக்கு மேலுள்ள தோல் மெல்லியது. மூக்கு பக்கத்திலேயே இருப்பதால் சாயத்தின் நெடி நேரே ஏறும். அன்றாடம் சவரம் செய்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். வீட்டில் பழைய பல்துலக்கியால் மீசைக்குத் தீட்டிக்கொள்பவர்கள் மீசை ஓரத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ள வேண்டும். சவரம் செய்த அன்றே பூசக் கூடாது. அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது. கறுப்பு நன்றாகப் பிடிக்கட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து கழுவுபவர்களை என்ன சொல்லியும் திருத்த முடியவில்லை.

முடி ஏன் நரைக்கிறது? கவலையால் நரைக்குமா?

இந்தக் கேள்வி பாண்டிய நாட்டுக்கு மிகப் பழையது. பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார், இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குச் சொன்ன விடை புறநானூற்றின் 191-ஆம் பாட்டாக இருக்கிறது. மனைவியும் மக்களும் பண்புள்ளவர்கள், ஏவலர் என் குறிப்பறிந்து நடப்பவர்கள், அரசன் முறைதவறாமல் காக்கிறான், என் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்று காரணங்களை அவர் அடுக்குகிறார். கவலையில்லாததால் நரையில்லை என்பதே அதன் சாரம்.

இன்றைய அறிவியல் அவரை முழுவதும் மறுக்கவில்லை. ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பித்துத் தரும் மூல உயிரணுக்கள் வயதாக ஆகத் தீர்ந்துபோகும்போது, அந்த மயிர்க்காலிலிருந்து நிறமில்லாத முடி முளைக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு, கடும் நெருக்கடியின்போது நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலின் அந்த மூல உயிரணுக்களை வேகமாகத் தீர்த்துவிடுகிறது என்று காட்டியது. மனிதரில் பெரும்பங்கு பரம்பரையுடையது. அப்பாவுக்கு எந்த வயதில் நரைத்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே இரவில் தலை முழுக்க வெளுத்த கதைகளை நம்ப வேண்டியதில்லை. வெளியே வளர்ந்துவிட்ட முடி உயிரற்றது, அதன் நிறத்தை உடம்பு உள்ளிருந்து மாற்ற முடியாது. திட்டுத் திட்டாக முடி கொட்டும் சில நோய்களில் கறுப்பு முடி முதலில் உதிர்ந்து வெள்ளை மட்டும் தங்குவதால் அப்படித் தோன்றுவதுண்டு.

ஒரு நரையைப் பிடுங்கினால் ஏழு முளைக்குமா?

முளைக்காது. ஒரு மயிர்க்காலுக்கும் அடுத்ததற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த மயிர்க்கால் கெட்டு, பின்னர் எந்த முடியும் வராமல் போகலாம்.

போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்களே?

உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி முரடாகும், சிக்கு விழும். நரைப்பதை அதன் தலையில் கட்ட முடியாது.

இருபத்திரண்டு வயதில் நரைப்பது நோயா?

ஆசிய மக்களில் 25 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலும் பரம்பரைதான். பி12 உயிர்ச்சத்துக் குறைபாடும் தைராய்டுக் கோளாறும் சிலருக்குக் காரணமாக இருப்பதால், ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டால் சிலருக்கு நிறம் ஓரளவு திரும்புகிறது. பரம்பரை நரைக்குத் திரும்பும் என்று உறுதி தந்து எண்ணெய் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை சாயம் பூசிக்கொண்டு போவது ஏமாற்றில்லையா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தாய்மாமன். "லேசா கலர் போட்டுவிடுங்க தம்பி, போட்டது தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சற்று நேரத்தில் மனம் உறுத்த இதைக் கேட்பார். அன்றைய தினம் இரு வீட்டிலும் யாரும் அன்றாடத் தோற்றத்தில் இருப்பதில்லை. பெண் பட்டுடுத்தி, இரவல் நகை போட்டு, சவுரி வைத்துப் பின்னிப் பூச்சூடி வருகிறாள். அதை ஏமாற்று என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதில்லை. பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத் திருத்திக்கொள்வது நம் ஊர் வழக்கம், இருவருக்கும் அது பொது. ஆனால் நிச்சயத்துக்கு முன், பையனும் பெண்ணும் தனியே பேசும்போது அவனே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாவது வாரத்தில் வேர் தானே சொல்லப் போகிறது. அதற்கு முந்திக்கொள்வதுதான் மரியாதை.

சாயம் முடிக்குள் எப்படி ஏறுகிறது?

நிரந்தரச் சாயங்களில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்றில் நிறத்துக்கான மூலப்பொருள்கள். கறுப்புக்கு அவற்றில் முதன்மையானது பாரா ஃபினிலீன் டையமின், சுருக்கமாகப் பிபிடி. மற்றொன்று டெவலப்பர் எனப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேற்செதில்களை விரித்துவிட, சிறிய மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிதாக்கி நிறம் ஏற்றுகிறது. பெரிதான பின் அவை வெளியே வர முடியாமல் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. கலந்த கிண்ணத்தில் முதலில் பழுப்பாக இருப்பது கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வருவது இதனால்தான். கலந்து வெகுநேரம் வைத்திருந்த சாயம் பிடிக்காது; மூலக்கூறுகள் கிண்ணத்திலேயே பெருத்துவிட்டிருக்கும்.

இந்த வகைச் சாயத்தை வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷூலேர். அவர் 1907-இல் ஒரு சாயத்தை உருவாக்கிப் பாரிஸ் முடிதிருத்துபவர்களுக்கு விற்றார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய லோரியல்.

மருதாணியும் அவுரியும் இயற்கையானவை. கெடுதல் இருக்காதல்லவா?

தூய மருதாணி பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள லாசோன் என்னும் பொருள் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செம்பழுப்பு நிறம் தருகிறது. மருதாணியால் மட்டும் கறுப்பு வரவே வராது. நரைமுடியில் அது செங்கல் நிறமாகத்தான் நிற்கும். மருதாணி போட்டுக் கழுவிய பின் அவுரித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் கருமை கிட்டும், அதற்கு ஒரு பகல் பொழுது வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. கால் மணி நேரத்தில் கன்னங்கறுப்பு தரும் 'ஹெர்பல் மருதாணி', 'கறுப்பு மருதாணி' என்று வரும் தூள்களில் பலவற்றில் நிறம் தருவது பிபிடிதான். அட்டையின் முன்புறம் இலைப் படம் இருக்கும். பின்புறம் பொடி எழுத்தில் உண்மை இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளின் கையில் கறுப்பாகப் போட்டுவிடும் மருதாணியிலும் இது கலந்திருக்கக்கூடும். சிறுவயதில் அப்படி ஒருமுறை தோல் கொப்பளித்துப் போனவருக்கு, பல வருடம் கழித்து முதன்முறை தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கிவிடக்கூடும். பிபிடிக்கு ஒவ்வாமை உண்டானால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும்.

எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ, அட்டையிலுள்ள குறிப்பின்படி ஒரு பொட்டளவு தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, தடிப்பு ஏதேனும் வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். இதுவரை பலமுறை பூசியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது சான்றாகாது; பத்தாவது முறை ஒவ்வாமை தொடங்குவதுண்டு. நாளைக்குக் கல்யாணம் என்று இன்று மாலை வருபவரிடம் 48 மணி நேரக் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார். அதனால்தான் பத்திரிகை வந்ததுமே ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொல்கிறோம்.

பிபிடி கலந்த சாயத்தின் மீது, தோலில் எரிச்சல் உண்டாகலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், கண்ணிமைக்கும் புருவத்துக்கும் பூசக் கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டவிதி. எனவே புருவத்துக்கும் கொஞ்சம் தொட்டுவிடுங்கள் என்று யாரும் கேட்க வேண்டாம், நாங்கள் தொடுவதில்லை.

பூசிய பின் கண்ணிமை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாயத்தைக் குழந்தைகள் எட்டாத உயரத்தில், பூட்டி வைக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் அது தொண்டையை வீங்கச் செய்து சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் போக்காமல் அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

சாயத்தால் புற்றுநோய் வருமா?

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தம் தலைக்குப் பூசிக்கொள்பவர்கள் விஷயத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை. ஆனால் முடிதிருத்துபவர்களும் அழகு நிலையத்தாரும் தொழில்முறையில் நாள்தோறும் இந்தப் பொருள்களோடு புழங்குவது, புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருதத்தக்க வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாங்கள் கையுறை போடுவதைப் பார்த்துச் சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது அவர்கள் தலையைத் தொடத் தயங்கி அல்ல.

பள்ளிப் பையன்கள் ஏன் முடியைச் செம்பட்டையாக்கிக்கொள்கிறார்கள்?

அவர்களும் பார்ப்பவர்களுக்காகத்தான் செய்கிறார்கள். பார்ப்பவர்கள் வேறு, அவ்வளவுதான். கோடை விடுமுறையில் நான்கு பேர் சேர்ந்து வருவார்கள். ஒருவன் முன்முடிக்கு மட்டும் பிளீச் வைத்துக்கொண்டால் மற்ற மூவரும் அதே இடத்தில் அதே அளவுக்குக் கேட்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாள், ஒவ்வொருவனும் தனித்தனியே, அப்பாவின் கையில் சிக்கியபடி திரும்பி வருவான். "இத முழுசாக் கறுப்பாக்கி விடுங்கண்ணே, வாத்தியார் உள்ளயே விடலையாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அப்பாவின் தலையில், முந்தின வாரம் நாங்கள் பூசிய கறுப்பு பளபளத்துக்கொண்டிருக்கும். பையன் அதைக் கண்ணாடியில் பார்ப்பான்; ஒன்றும் சொல்ல மாட்டான்.

பிளீச் கறுப்புச் சாயத்தைவிட முடிக்கு அதிகக் கேடு. அது நிறமியையே அழிப்பதால் முடி வறண்டு உடையும். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாங்கள் வைப்பதில்லை.

பெண்களுக்கும் இதே காரணங்கள்தானா?

காரணம் ஒன்றே, கணக்கு மட்டும் கடுமை. நரைத்த தலையோடு வரும் ஆணைப் பெரியவர் என்பார்கள். அதே வயதுப் பெண் சாயமில்லாமல் வந்தால் உடம்பு சரியில்லையா என்பார்கள், பூசிக்கொண்டு வந்தாலோ இந்த வயதில் இது எதற்கு என்பார்கள். மல்லிகைக்குப் பெயர்போன ஊர் இது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூவை யார் வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்பதை மற்றவர்கள் தீர்மானித்துவந்த ஊரும் இதுதான். மாமா இறந்து காரியம் முடிந்த கையோடு என் அத்தை பூவையும் நிறுத்தினார், மாதந்தோறும் வைத்துவந்த மருதாணியையும் நிறுத்தினார். யாரும் வாய்விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. பேத்தியின் சடங்குக்கு முன்னால் அவர் மீண்டும் மருதாணி அரைத்தபோது தெருவில் இரண்டு வீட்டில் பேசினார்கள். பேசட்டும் என்று அவர் அரைத்து முடித்தார்.

என்ன சொன்னாலும், தோற்றத்தை மாற்றுவது வெறும் வேஷம்தானே?

இந்த ஊரில் வேஷத்தை 'வெறும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் தம் மலையிலிருந்து கள்ளர் கோலத்தில் புறப்படுகிறார். தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் வைகைக்கு இறங்குகிறார். பிறகு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் கோலம். அவர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தியிருக்கும் பட்டு பச்சையா சிவப்பா என்று பார்த்து அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் எப்படி இருக்கும் என்று கூட்டம் பேசிக்கொள்கிறது. சாமியையே உடுப்பைப் பார்த்துக் கணிக்கும் ஊரில், மனிதர்கள் தம் உடுப்பையும் முடியையும் பற்றிக் கவலைப்படுவதில் வியப்பில்லை.

காந்தியடிகள் தம் தோற்றத்தை மாற்றிக்கொண்டதும் இங்கேதான். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும் வழியில், கதர் உடுத்தச் சொன்னவரிடம், கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணமில்லை என்று சக பயணிகள் சொன்னார்கள். மேலமாசி வீதியில் தங்கிய அவர், 22-ஆம் தேதி தொப்பியையும் மேல்சட்டையையும் விடுத்து அரையாடையோடு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார். 1948-இல் இறக்கும் வரை அதுவே அவர் உடையாயிற்று. தம்மைப் பார்ப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். எங்கள் கடைக்கு வருபவரும் தம்மளவில் அதைத்தான் செய்கிறார், காரணத்தின் பெருமை வேறாக இருந்தாலும்.

நரையோடு இருப்பது இப்போது நாகரிகமாகிவிட்டதா?

ஓரளவு. நடிகர் அஜித்குமார் 2011-இல் நரைத்த முடியோடு நாயகனாக வந்த பிறகு, 'சால்ட் அண்ட் பெப்பராகவே விட்டுவிடுங்கள்' என்று கேட்பவர்கள் வரத் தொடங்கினார்கள். கறுப்பு முடியில் வெள்ளைக் கீற்று வைக்கச் சொன்ன இளைஞர்களும் உண்டு. ரஜினிகாந்த் வழுக்கையும் நரையுமாகவே பொது மேடைக்கு வருகிறார். ஆனால் அவர்களைக் காட்டித் துணிந்தவர்களில் பலரும் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கறுப்புதான் கேட்கிறார்கள்.

பூசுவதை நிறுத்திவிட நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நிறுத்திய ஒரு மாதத்தில் வேரில் வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பொறுக்க முடியாமல்தான் பலர் மீண்டும் பூசுகிறார்கள். ஆண்கள் முடியைச் சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தால் மூன்று நான்கு மாதத்தில் சாயம் போய்விடும். நீண்ட கூந்தலுக்கு வருடக்கணக்கில் ஆகும் என்பதால், பெண்கள் நரையோடு கலந்து தெரியும் வெளிர்நிறத்தை இடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அதற்கு நல்ல பார்லரில் கேட்க வேண்டும், வீட்டில் முயல வேண்டாம். பழநிக்கோ அழகர்கோவிலுக்கோ முடிக்காணிக்கை நேர்ந்திருந்தால் அதைவிடச் சுலபமான வழி இல்லை. மொட்டையில் முளைப்பது வெள்ளையாகவே முளைக்கும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.